கையும் கருத்தும்: கோல்ப் ஆட்டத்தில் மணிக்கட்டு

நமது சங்கத்து அன்பர் ஒருவர், அல்சூரில் வசிப்பவர், இப்பகுதிக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய மூத்த மகனுக்குப் பிராயம் பதினேழு, பி.யூ.சி. வாசிக்கிறான். ஞாயிறுதோறும் கோல்ப் மைதானம் ஒன்றிற்குச் சென்று, அங்கே ஆட வருகிற கனவான்களின் பையைச் சுமந்து, கிடைக்கும் கூலியைத் தாயார் கையிற் கொடுக்கிறான். இதுவரை குறையொன்றுமில்லை. இப்பொழுதோ, எவரோ கழித்துப் போட்ட பழைய கோல் ஒன்றைக் கொணர்ந்து, மாலையானால் வெற்று மனைக்குப் போய்ப் பந்தடிக்கத் தொடங்கிவிட்டானாம். "மணிக்கட்டில் வலுப் போதவில்லை, இரும்புக் குண்டு வாங்கித் தாருங்கள் என்கிறான். இடக் கை வேறு வீங்கியிருக்கிறது. பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு? அந்தக் கோலை ஒடித்து அடுப்பில் வைத்துவிடலாமா?" என்பது அன்பர் வினா.

கோல் இரும்பாலானது, அடுப்பில் எரியாது. ஆகவே பதில் எழுதுவதே நலம்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குக் கோல்ப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பள்ளி விடுமுறைகளில் இரண்டாண்டு காலம் நானும் பை சுமந்தவனே. அத்தொழில் செய்வோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் நாவில் 'கேடி' என்று வந்து விழுகிறது. போலீசார் ஏட்டிலுள்ள கேடிக்கும் இவனுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆயினும் "என் மகன் கேடியாகப் போகிறான்" என்று சொல்ல எந்தத் தாய்க்கும் கூசத்தான் செய்யும். அன்பருடைய கடிதத்திலும் அந்தக் கூச்சம் இருக்கிறது. ஜப்பானில் 2021-ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஆடியபோது, அவருடைய பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவரைப் பெற்ற தாயார். ஒரேயொரு அடி வித்தியாசத்தில் பதக்கம் தவறி நான்காமிடம் வந்தார் அதிதி. பெற்றவள் சுமந்த பையை நம் வீட்டுப் பிள்ளை சுமப்பதில் இழுக்கு ஏது?

பணக்காரர் விளையாட்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஹைகிரவுண்ட்ஸிலுள்ள பெங்களூர் கோல்ப் கிளப் 1876-இல் தோன்றியது; அதைத் தோற்றுவித்தவர்கள் நம்மையெல்லாம் அழைத்து ஆடச் சொல்வதற்காகத் தோற்றுவிக்கவில்லை. கோலார் தங்கவயலிலும் துரைமாருக்கென்று கிளப்பும் மைதானமும் இருந்தன. நம்மவர் பூமிக்கு அடியிற் சம்மட்டி பிடித்தனர். துரைமார் பூமிக்கு மேலே கோல் பிடித்தனர். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் இந்நகருக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நமது சங்கத்திலும் உண்டு.

ஆனால் பை சுமந்தவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. இந்திய ஓப்பன் என்னும் பெரும் பந்தயம் 1964-இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே பி. ஜி. சேத்தி அதனை வென்றார். ஆயின் அவர் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தொழில்முறை ஆட்டக்காரர்களுள் முதன்முதலாக அதனை வென்ற இந்தியர், டில்லியிற் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர்; ஆண்டு 1991. பிறகு 2009-இல் நம் பெங்களூரிலே பை சுமந்து வளர்ந்த சின்னசாமி முனியப்பா அதே பந்தயத்தை வென்றார். நான்கு நாள் ஆடியும் தீராமல், கொரியா நாட்டு ஆட்டக்காரரோடு மீண்டும் மோதிப் பெற்ற வெற்றி அது. சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைத்துக் கற்றவர் அல்லர் அவர். பார்த்துக் கற்றார்.

நிற்க. அந்தப் பிள்ளை கேட்கும் விஷயத்துக்கு வருவோம். மணிக்கட்டில் வலு வேண்டுமா என்பதன்று கேள்வி. மணிக்கட்டு அங்கே என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி.

கோலை மேலே ஓங்கியவுடன், இடது முன்கைக்கும் கோலுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு செங்கோணம் விழுகிறது. மணிக்கட்டு கட்டைவிரற் பக்கமாக மடிந்திருப்பதால் விழும் கோணம் அது. கீழே வரும்பொழுது எவ்விடத்திலோ அந்த மடிப்பு விரிந்து, கையும் கோலும் ஒரே கோடாகிப் பந்தைச் சந்திக்கவேண்டும். எவ்விடத்தில் விரிவது என்பதிலேதான் ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. புதிதாகக் கற்பவன் உச்சியிலிருந்தே விரிக்கத் தொடங்கிவிடுகிறான், தூண்டில் வீசுகிறவனைப் போல. பந்தை ஓங்கி அடிக்கவேண்டும் என்கிற ஆவலே காரணம். கோலின் தலை பாதி வழியிலேயே தன் முழு வேகத்தையும் அடைந்துவிடுகிறது. பந்தினிடம் வந்து சேரும்போது களைத்துப் போயிருக்கிறது.

இதனை ஷண்டிங் யார்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லி விளக்குவது எளிது. 'லூஸ் ஷண்டிங்' என்று ஒன்று உண்டல்லவா? எஞ்சின் தன் முன்னேயுள்ள வாகனைக் கொக்கி மாட்டாமலே தள்ளிக்கொண்டு ஓடுகிறது. ஓரிடத்தில் வேகம் தணிகிறது. வாகன் மட்டும் பிரிந்து முன்னே உருண்டு போகிறது. கோல்ப் ஆட்டத்திற் கைதான் எஞ்சின், கோலின் தலைதான் வாகன். ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும்: யார்டில் வேகம் தணிப்பது டிரைவர் வேண்டுமென்று செய்யும் காரியம். இங்கேயோ, கோல் வெளியே வீசப்படும்போது அதுவே கையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. கை தானாகத் தணிகிறது. நாம் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் கெட்டுப்போகும்.

தாய்மார்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் துவைகல். நனைந்த வேட்டியை ஓங்கிக் கல்லில் அறையும்போது, கை முதலில் இறங்குகிறது. துணி பின்தங்கி வருகிறது. கை ஏறத்தாழ நின்ற பிறகே துணியின் நுனி பாய்ந்து வந்து 'பளீர்' என்று விழுகிறது. கையையும் துணியையும் ஒன்றாக இறக்கினால் அழுக்குப் போகாது, தோள்தான் வலிக்கும். இவ்வித்தையை எந்தக் கிளப்பிலும் சந்தா கட்டி எவரும் கற்றதில்லை.

பெரியோர் இதனை ஆராய்ந்தும் இருக்கின்றனர். பிரிட்டன் தேசத்தில் அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர், விஞ்ஞானிகள் பலருடைய சோதனைகளைத் தொகுத்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட முடிவு யாதெனில், மனிதனுடைய வீச்சை இரண்டு தடிகளும் நடுவே ஒரு கீலும் உள்ள கருவியாகப் பாவிக்கலாம் என்பதே. மேல்தடி கை, கீழ்த்தடி கோல், கீல் மணிக்கட்டு. கதவுக் கீல் கதவைத் தள்ளுவதில்லை, திரும்ப விடுகிறது. அவ்வாறே மேல்தடி வட்டமாகச் சுழலும்போது கீழ்த்தடியின் தலை நேரே வெளியே ஓடப் பார்க்கிறது. அந்த இழுப்பே கீலை விரித்துவிடுகிறது. கடைசித் தருணத்தில் மணிக்கட்டு சிறிது உதவினால் வேகம் சற்றுக் கூடும் என்பதும் உண்மையே. முன்னதாக உதவினால் குறையும். வலுவுள்ளவன் பெரும்பாலும் முன்னதாகவே உதவிவிடுகிறான். இதுவே அவனுடைய துரதிர்ஷ்டம்.

கணக்கு எழுதுகிறவனாகையால் சில எண்களையும் கூறிவிடுகிறேன். பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படாது. உச்சியிலிருந்து பந்து வரை கோல் இறங்க ஆகும் நேரம் சுமார் கால் வினாடி. தேர்ந்த ஆட்டக்காரருடைய கோலின் தலை அப்போது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. நமது விரைவு வண்டிகள் பலவற்றுக்கு அந்த வேகம் இல்லை. கையின் வேகத்தைப் போல் அது நான்கைந்து மடங்குக்குக் குறையாது. அம்மடங்கு முழுவதும் கீலின் வழியாக வந்ததே. கோலும் பந்தும் ஒட்டியிருப்பதோ ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அடி பட்ட அதிர்ச்சி கோல் வழியே ஏறிக் கைக்கு வந்து சேருவதற்குள் பந்து போய்விட்டது! ஆகவே, பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம்; நம்ப வேண்டியதில்லை.

நான் பை சுமந்த காலத்தில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எழுத்து வாசனை இல்லாதவர். மூன்றே கோல்கள் வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றன் பிடி பிய்ந்து, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவதைப் பார்த்து அவர் சொல்லுவார்: "தம்பி, நீ அடிக்காதேடா. கொண்டாந்து விடு, அது போய்க்கும்." காக்ரனும் ஸ்டாப்ஸும் எழுதிய நூல் முழுவதையும் ஒரு வரியில் அடக்கிய வார்த்தை என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு.

விரிவதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. வலக்கைக்காரன் ஒருவனைப் பார்த்தால், பந்தைக் கடந்ததும் அவனுடைய வலது முன்கை இடக் கையின்மேல் உருண்டு புரளுவது தெரியும். இந்தப் புரட்டல்தான் கோலின் முகத்தை நேராக்குவது. புரள இடங்கொடாமல் இறுக்கிப் பிடித்தால் முகம் திறந்தே நின்று, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும்; இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். அவசரப்பட்டுப் புரட்டினால் இடப்பக்கம் வளையும், அது 'ஹூக்'. இவ்விரண்டினும் பொதுவான குற்றம் ஒன்று உண்டு: பந்தை மேலே தூக்கிவிடும் எண்ணத்தில் இடது மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து அகப்பையால் அள்ளுவதுபோல் அள்ளுதல். தூக்குவதற்கென்றே கோலின் முகம் சாய்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. நாம் வேறு தூக்கினால் கோல் மண்ணில் இடிக்கும், அல்லது பந்தின் தலையில் தட்டும்.

கோலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? கையில் உயிருள்ள குருவியை வைத்திருப்பதுபோல் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது வழக்கம். பறந்தும் போகக்கூடாது, நசுங்கியும் போகக்கூடாது. இறுக்கிய கையில் கீல் துருப்பிடித்துவிடும். அதிதி அசோக் மற்ற வீராங்கனைகளைவிடக் குறைந்த தொலைவே அடிப்பவர். அப்படியிருந்தும் உலகத்தார் நடுவே நான்காமிடம் வரை வந்தாரல்லவா? ஆகவே இரும்புக் குண்டு வாங்கும் பணத்தை அன்பர் வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாகப் பையன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கோலைத் தலைகீழாகத் திருப்பி, தலைப்பக்கம் இருக்கும் மெல்லிய கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காற்றில் வீசட்டும். ஒரு பிரம்பாயினும் போதும். 'விர்' என்று ஓர் ஒலி எழும். அவ்வொலி வலத்தோள் அருகே எழுந்தால் மணிக்கட்டு முன்னதாக விரிந்துவிட்டது என்று பொருள். பந்து இருக்கவேண்டிய இடத்திலோ, அதற்குச் சற்று அப்பாலோ எழுந்தால் சரி. கண்ணாடியும் வேண்டாம், ஆசானும் வேண்டாம், காது சொல்லிவிடும். நாளொன்றுக்கு இருபது முப்பது வீச்சுக்கு மேல் வேண்டுவதில்லை. மொட்டைமாடியிற் செய்வதானால் கொடியில் உலரும் துணிகளையும் அடுத்த வீட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கோலை ஒடிப்பதா என்பதற்கு என் அபிப்பிராயம்: ஒடிக்கவேண்டாம். ஆனால் பை சுமப்பது இன்னும் பெரும்பாலும் அன்றன்றைக் கூலியாகவே இருக்கிறது. மழை பெய்தால் கூலியில்லை. முனியப்பாவைப்போல் வென்றவர் மிகச் சிலர். பை சுமந்தே நரைத்தவர் பலர். நாம் மேலே கூறிய மூத்தவரும் அவர்களுள் ஒருவர். ஆகையால் பி.யூ.சி. பரீட்சையைப் பையன் எழுதியே தீரவேண்டும். இதில் நான் அன்பர் கட்சி. பரீட்சை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானம், மற்ற நாட்களிற் பிரம்பு என்று வைத்துக்கொண்டால் தகப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் இராது.

அந்த வீக்கத்தைப்பற்றி அன்பர் ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டார். எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. வெற்று மனையின் செம்மண் வெயிலிற் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். பந்துக்குப் பதில் அம்மண்ணைக் கோல் தாக்கினால், கோலின் பிடிமுனை இடது உள்ளங்கையில் போய் இடிக்கிறது. அங்கே, சுண்டுவிரற் பக்கத்து அடிவாரத்தில், கொக்கி போன்ற நீட்சியுடைய ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அக்கொக்கி முறிவது கோல்ப் ஆடுவோருக்கு நேரும் காயங்களுள் ஒன்று. சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது பல சமயம் தென்படாமற் போய்விடும்; சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டே மாதங்கள் கழிந்துவிடும். ஆகவே பையனுடைய உள்ளங்கையில் அவ்விடத்தை அன்பர் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். வலித்தாலும், பிடி தளர்ந்திருந்தாலும், மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவதாகச் சொன்னாலும், பவுரிங் ஆஸ்பத்திரியிலாவது வேறு எங்காவது எலும்பு வைத்தியரிடம் காட்டவேண்டும். கோல் பிடித்து மண்ணில் இடித்தான் என்பதை மறைக்காமற் சொன்னால், எந்தக் கோணத்தில் படம் எடுப்பது, சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்பதை அவர் தீர்மானிப்பார். அதுவரை அந்தக் கோல் பரண்மேல் இருக்கட்டும்.