பட்டா பெட்டிக்குள், மனை யார் கையில்?

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் நம் மக்கள் கேட்கும் கேள்விகள் மேடையில் பேசியதைப் பற்றி இருப்பதில்லை. “பட்டா குடுத்து இருபது வருசம் ஆச்சு, இன்னும் எடத்தக் காட்டல. என்ன பண்றது?” “எங்கப்பா பேருல இருக்குற மனையில எனக்குப் பங்கு உண்டா?” “கோர்ட்டுல இருந்து காயிதம் வந்துச்சு, வாங்காம அனுப்பிட்டேன். ஒண்ணும் ஆயிடாதுல்ல?” எந்தக் காலனிக்குப் போனாலும் இவைதான். இவற்றுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் சேரித் தெருவுக்குள் வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் மனை. நம்மிடம் இருக்கும் பட்டாக்கள் எல்லாம் ஒரே வகையல்ல. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நத்தத்துக்கு, நத்தம் நிலவரித் திட்டத்தில் கிடைத்தது ஒரு வகை. அரசு தனியாரிடமிருந்து நிலம் எடுத்து இரண்டு சென்ட், மூன்று சென்ட்டாகப் பிரித்துக் கொடுத்தது இன்னொரு வகை. (நத்தம் என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரியில்லா இடங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக நம் வீடு தனிக் கணக்கில்தான் இருக்கிறது.)

இரண்டாவது வகையில்தான் தொல்லை அதிகம். ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை வழங்க நிலம் எடுப்பதற்கென்றே 1978-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் நிலத்தைத் தேர்வு செய்வார். உரிமையாளரை விசாரிப்பார்கள், அரசிதழில் அறிவிப்பார்கள், இழப்பீடு நிர்ணயிப்பார்கள். பிறகு மனை பிரித்துப் பயனாளிகள் பட்டியல் போட்டு விழா வைத்துப் பட்டா தருவார்கள். செய்தித்தாளில் படம் வரும். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது இரண்டு வேலை. நில அளவையர் வந்து அளந்து கல் நட்டு இடத்தைக் கையில் ஒப்படைக்க வேண்டும். கிராமக் கணக்கிலும் வட்டக் கணக்கிலும் பயனாளியின் பெயரை ஏற்ற வேண்டும். பல ஊர்களில் இந்த இரண்டும் நடக்கவில்லை. பழைய உரிமையாளர் அதே நிலத்தில் கடலை போடுகிறார். கணினியில் சிட்டா எடுத்தால் அவர் பெயரே வருகிறது. சில இடங்களில் அவர் அதை வேறொருவருக்கு விற்றும் விட்டார்.

இதன் விலை என்னவென்று இப்போதுதான் பலருக்குத் தெரிகிறது. குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு விண்ணப்பித்தால், பட்டா கணக்கில் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அரசு கொடுத்த பட்டாவை அரசே செல்லாது என்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான்.

இதற்கு நாம் செய்வது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. அது தனி வட்டாட்சியருக்குப் போகும். அவர் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதுவார். அடுத்த ஆண்டும் அதே மனு. மனு கொடுப்பது தவறில்லை. ஆனால் கயிறு எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறதா, இழப்பீட்டுத் தொகை தரப்படாமல் நிற்கிறதா, எல்லாம் முடிந்தும் கணக்கில் ஏற்றாமல் விட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இதைக் கண்டுபிடிக்கத் தகவல் உரிமைச் சட்டம் போதும். கட்டணம் 10 ரூபாய். அதையும் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் “எங்களுக்கு ஏன் இடம் தரவில்லை?” என்று கேட்காதீர்கள். அதற்கு இரண்டு வரியில் மழுப்பிவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள். நில எடுப்பு அறிவிக்கை வந்த அரசிதழின் நகல், இழப்பீட்டுத் தீர்வத்தின் நகல், நிலம் சுவாதீனம் எடுத்ததற்கான பதிவு, மனைப் பிரிவு வரைபடம், பயனாளிகள் பட்டியல், அந்தப் புல எண்ணுக்கான ‘அ’ பதிவேட்டுப் பக்கம், ஏதேனும் நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல். இந்த ஏழும் கைக்கு வந்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும். எந்தக் காகிதம் ‘இல்லை’ என்று பதில் வருகிறதோ, அங்கேதான் சிக்கல். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது இதை ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

வழக்கு என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 1978 சட்டம் செல்லாது என்று நில உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆனந்தி அம்மாள் வழக்கில் 1994-ல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பிரிவை மட்டும் நீக்கியது. ஆகவே நமக்காக நிலம் எடுப்பது தவறு என்று இன்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை. பிறகு ஏன் இத்தனை நில எடுப்புகள் ரத்தாகின்றன? நில உரிமையாளரிடம் முறையாக விசாரிக்கவில்லை, வட்டாட்சியர் தந்த அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுக்கவில்லை, ஆட்சியர் சொந்தமாக ஆராயாமல் கையெழுத்துப் போட்டார் என்ற காரணங்களால். பிழை அலுவலகத்தில், தண்டனை காலனிக்கு. அந்த வழக்கில் நம் ஆட்கள் ஒரு தரப்பாகக்கூட இருப்பதில்லை. நில உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையே வழக்கு நடந்து முடிந்து, ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் பட்டாதாரருக்குச் செய்தி வருகிறது. வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்த அன்றே, எங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பயனாளிகள் சேர்ந்து மனுப் போட வேண்டும். அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடக் கூடாது.

அளந்து கல் நடாத இடத்துக்குப் பட்டா வழங்கும் விழா நடத்தக் கூடாது என்று அரசு ஓர் ஆணை போட்டால் இந்தத் துயரத்தில் பாதி குறையும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. விழா நடத்துகிறவர்களுக்குப் படம்தான் தள்ளிப்போகும்.

இடத்தைக் கொடுத்த பிறகும் இறங்கவிடாமல் தடுக்கிறார்கள் என்றால் கதை வேறு. பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான, அவர் அனுபவத்தில் உள்ள, அவருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை மட்டுமல்ல, ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்ட நிலத்தையும் முறைகேடாக ஆக்கிரமிப்பதும் பயிரிடுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(எஃப்) பிரிவின்படி குற்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. துணைக் கண்காணிப்பாளர்தான் புலனாய்வு செய்ய வேண்டும். எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி அவர் பேச்சையும் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் வெறும் எல்லைத் தகராறு சாதியின் பேரால் வன்கொடுமை ஆகிவிடாது என்று 2020-ல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் மறக்க வேண்டாம். புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எந்தப் புல எண், எந்த நாள், யார், என்ன சொல்லித் தடுத்தார், யார் பார்த்தது. கோபத்தில் ஒன்றைக் கூட்டி எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உண்மையையும் சேர்த்து உடைப்பார். அதே தெருவில் அதே அவமானத்தைச் சந்திக்கும் கிறித்தவத் தலித்துகளுக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்த கேள்வி நமக்குள்ளேயே இருப்பது. ஊராரிடம் நிலவுரிமை கேட்கும் நாம், உடன்பிறந்தவளுக்கு என்ன செய்கிறோம்?

அரசு அப்பா பெயருக்குக் கொடுத்த மனை அவருடைய தனிச் சொத்து. உயில் எழுதாமல் அவர் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லாருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எந்த ஆண்டில் ஆனது என்ற கேள்வியே கிடையாது. இது நேற்று வந்ததல்ல, 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். “89-க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்ல” என்று டீக்கடையில் சொல்கிறார்களே, அது கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்துக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் இருந்த வரம்பு. 2005-ல் மத்தியச் சட்டம் மாறி, 2020-ல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பும் வந்தபின் அந்த வரம்பும் போய்விட்டது. மனை அம்மா பெயரில் இருந்தால் அவருக்குப் பின் கணவர், மகன், மகள் மூவகையினருக்கும் சம பங்கு. கிறித்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வேறுபாடு அங்கும் இல்லை.

ஆனாலும் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது அக்கா தங்கை பெயரை விட்டுவிடுகிறார்கள். “அவ போற எடத்துல நல்லா இருக்கா” என்பது காரணம். பெயரை விட்டதால் பங்கு போய்விடாது. மறைத்தவர் மேல் வழக்குத்தான் வரும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் “பங்கு வேண்டாம்” என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது. விடுதலைப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பெண்களுக்கு ஒரு சொல்: வெற்றுத் தாளில் கையெழுத்து, கைநாட்டு எதுவும் போடாதீர்கள், கேட்பது அண்ணனாக இருந்தாலும்.

இரண்டு சென்ட்டை ஐந்து பேருக்கு எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிக்க முடியாது. காலுக்கடியில் நிலம் இல்லாத ஒரு சமூகத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே திண்ணைக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இடம் குறைவு என்றால் விட்டுக்கொடுப்பது எப்போதும் ஏன் பெண்ணாகவே இருக்க வேண்டும்? குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பாகம் கேட்கக் கூடாது என்று பழைய சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருந்தது. 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள். கணவனை இழந்து வந்தவளுக்கும், விரட்டப்பட்டு வந்தவளுக்கும் அப்பன் வீட்டில் ஓர் அறை தானம் அல்ல. வீட்டில் இருக்கப்போகிறவர் மற்றவர்களின் பங்குக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துப் பத்திரம் பதிவது நல்ல வழி. வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் இதைப் பேசி முடிக்கலாம். கட்டணம் இல்லை, அங்கே எழுதும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

புகுந்த வீட்டிலும் அப்படித்தான். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, ஆகவே மருமகளை வெளியே தள்ளலாம் என்பது பழைய நினைப்பு. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 தருகிறது. அந்த வீடு கணவனின் பெற்றோருடையதாக இருந்தாலும் இது பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், 181-க்கு அழைக்கலாம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து கட்டப் பஞ்சாயத்துப் பேசி மூட்டை கட்ட வேண்டியதில்லை.

நீதிமன்றக் காகிதத்துக்கு வருவோம். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. மறுத்தார் என்று எழுதிக்கொண்டு, சார்பு செய்யப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும், அமீனா வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். சம்மனை வாங்குங்கள், வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை கிடைக்கும். ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டாலும் 30 நாளுக்குள் ரத்து செய்யக் கோரலாம். சம்மன் உண்மையிலேயே வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

“வக்கீலுக்குப் பணம்?” என்பார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு: பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு, வருமான வரம்பே இல்லை. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். வட்டத் தலைநகர் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தொலைபேசி 15100. இலவச வக்கீல் ஒழுங்காக வாதாட மாட்டார் என்ற பயம் நம் மக்களுக்கு உண்டு. சில இடங்களில் அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. தேதிக்கு வராத வழக்கறிஞரை மாற்றித் தரச் சொல்லி அதே குழுவிடம் எழுதிக் கொடுங்கள். அதற்காகக் கடன் வாங்கித் தனி வக்கீல் வைக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும், அங்குள்ள சட்டத் தன்னார்வலர் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தன்னார்வலர் வேலைக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு விண்ணப்பம் கேட்கும்போது நம் தெருப் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளும், போட்டுவைக்கட்டும்.