முற்றிய வியாதியும் மூன்று வைத்தியங்களும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையில், ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை, கஞ்சியும் நெஞ்சில் நிற்கிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், "முத்திப்போச்சு, கரண்டு வெச்சா இன்னும் பரவும்" என்று தீர்ப்புரைத்துவிடுவது ஜனங்களின் வழக்கமாக இருக்கிறது. கரண்டு என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. தங்கள் தீர்ப்புக்கு அவர்கள் காட்டும் பிரத்தியட்ச சாட்சி அறிஞர் அண்ணா: 1949 செப்டம்பரில் இதே ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழைக்கிடையே திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டத்தில் பேசியவர், 1968-இல் நியூயார்க் வரை சென்று உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவைச் சிகிச்சை பெற்றும், மறு பிப்ரவரியில் காலமானாரே என்கிறார்கள்.

சாட்சி மெய், அதிலிருந்து செய்யும் அனுமானம் பிழை. சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்துக்கு அமெரிக்காவிலேயே 1978-இல்தான் அனுமதி கிடைத்தது. அதையும் ஃபுளூரோயுராசிலையும் கதிர்வீச்சோடு இணைத்துக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முதல் முடிவு 1992-இல் வெளியாயிற்று. 64 கிரே கதிர் மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப்பின் ஒருவரும் எஞ்சவில்லை. 50 கிரே கதிரும் மருந்துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் உயிருடன் இருந்தனர். கதிரைக் குறைத்தும் பலன் கூடிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரண்டு பரப்பும் என்பதற்கு விரிவான பதில் வேண்டியதில்லை. பிற்பாடு கல்லீரலில் தலைகாட்டும் கட்டியின் வித்து, ஸ்கேனுக்கு அகப்படாத நுண்ணிய அளவில், பெரும்பாலும் முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

படித்தவர்களின் அபிப்பிராயம் வேறு: எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசி வந்தபின் பழைய வைத்தியம் எதற்கு என்பார்கள். நிவோலுமாப் ஊசியின் 2022-ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 10.7 மாதத்திலிருந்து 13.2 மாதமாயிற்று, ஆனால் அந்த ஊசியைக் கீமோவோடு சேர்த்தல்லவா கொடுத்தார்கள்! அதே ஊசியைப் பற்றி 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வியாதி மீளாமலிருந்த காலம் 11 மாதத்திலிருந்து 22.4 மாதமாக உயர்ந்தது. அவர்களோ கதிரும் கீமோவும் பெற்று, அறுவையும் முடிந்து, எடுத்த சதையில் புற்றின் மிச்சம் காணப்பட்டவர்கள். இதைக் கேட்டு, மூன்றையும் ஒரேசமயத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று துள்ளுவதும் ஆகாது. அப்படிச் சேர்த்தால் வரக்கூடிய நுரையீரல் அழற்சி விளையாட்டல்ல.

உண்மையில் கோளாறு 'முற்றியது' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நெஞ்சுக்குள்ளும் அண்டை நெறிக்கட்டிகளிலும் நிற்கும் வியாதியும், கல்லீரலுக்கோ எலும்புக்கோ சென்றுவிட்ட வியாதியும் அச்சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. முன்னதில் குணப்படுத்துவதே நோக்கம். பின்னதில் ஊசியும் கீமோவும் உடல் முழுமைக்கும் போக, அடைபட்ட இடத்துக்கு மட்டும் சில நாள் கதிர் வைப்பது, அந்த மனிதர் இரண்டு இட்லி விழுங்குவதற்காக. அதை வீண் என்பவர் பசித்திருந்து பார்த்தவரல்லர்.

பணம் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. துறைமுகக் கூலியில் அந்த ஊசி எட்டாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 20 மில்லிகிராம் என்ற சொற்ப அளவையே மூன்று வாரத்துக்கொருமுறை கொடுத்து, ஓராண்டு பிழைத்திருந்தோரை நூற்றுக்கு 16 என்பதிலிருந்து 43 ஆக்கினார்கள். அது தலை, கழுத்துப் புற்றில் கண்ட பலன். உணவுக்குழாய்க்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.