இரவு நீரில் நம் ஊர்



கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் பல, பொழுது சாயும் வேளையில் கல்லடிப் பாலத்தடியில் சற்று நிற்பதுண்டு. விளக்குகள் வாவியில் நீண்டு கிடக்கும் அழகைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தாலோ, கறுப்பில் நாலு வெள்ளைப் பொட்டுகள்தாம் இருக்கும்! குற்றம் கருவியில் இல்லை. சில சின்ன விடயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, நேரம். நன்றாக இருட்டிய பின் எடுத்தால் வானமும் நீரும் ஒரே கறுப்பாகிவிடும். மஃரிப் பாங்கு சொல்லி 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை வானம் கருநீலமாக நிற்கும், விளக்குகளும் எரிந்திருக்கும். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இந்த வெளிச்சம் விரைவில் மறைந்துவிடும். ஆகவே தொழுதுவிட்டு உடனே புறப்படுங்கள்.

இரண்டாவது, அசையாமை. வெளிச்சம் குறைந்தால் கமெரா கூடுதல் நேரம் கண் திறந்திருக்கும். அதற்குள் கை நடுங்கினால் படம் கலைந்துவிடும். இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. சிறு துணிப்பை ஒன்றில் பாசிப்பயறை அரைவாசிக்கு நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கட்டில் அதை வைத்து, தொலைபேசியை அதன்மேல் அமுக்கி நிறுத்துங்கள். படம் விழுவதை 3 வினாடி தாமதப்படுத்தும் வசதி தொலைபேசியிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம். பாலத்தின்மேல் நின்று எடுக்காதீர்கள். வண்டி போகும்போதெல்லாம் பாலம் அதிரும், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

ஃபிளாஷ் வேண்டாம். அதன் வெளிச்சம் சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். வாவியின் மறுகரைக்கு எட்டாது. திரையில் விளக்கைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் வெள்ளைப் பொட்டு மறைந்து விளக்கு தெரியும். கடற்காற்றின் உப்பு கண்ணாடியில் படிந்திருக்கும். எடுக்குமுன் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நிற்கும் இடம். நீரின் மட்டத்துக்குக் கிட்டத் தாழ்ந்து பார்க்கப் பார்க்க நீர் கண்ணாடிபோலாகும். குந்தியிருந்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். கச்சான் காற்று வீசும் நாளில் நீர் சிலிர்த்து உருவம் உடைந்துவிடும். காற்று ஓய்ந்த நாளே நல்லது.

தூரப் போக முடியாத சகோதரிகள் கவலைப்பட வேண்டாம். மழை விட்ட இரவில் கல்முனை நகர வீதியில் தேங்கும் நீரும் கண்ணாடிதான். கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றக் காலத்தில் மினாராவின் விளக்குகள் அப்படியொரு தேக்கத்தில் விழுந்தால், அதைவிட அழகான படம் வேறில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சனம் கூடும் இடத்தில் பிறர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

'இதெல்லாம் இளசுகளின் பொழுதுபோக்குத்தானே?' என்று உம்மாமார் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைக் கடல் கொண்டுபோனது நம் அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். போன வீடுகளோடு அலுமாரியில் இருந்த கலியாண அல்பங்களும் போயின. மௌத்தான உம்மாவின் முகத்தைக் காட்டப் படம் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் நம்மிடையே வளர்ந்தார்கள். பள்ளியும் தெருவும் கடற்கரையும் முன்பு எப்படி இருந்தன என்பதை இன்று வாய்ச்சொல்லால்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

இடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 1924இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலத்தில்தான் நம் மூத்தவர்கள் மட்டக்களப்புக்குப் போய்வந்தார்கள். பக்கத்தில் புதிய பாலம் திறந்தது 2013இல். ஒற்றைப் பாலமாக அது வாவியில் நிழல் விழுத்தி நின்ற காலத்துப் படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆகவே சகோதரிகளே, எடுத்த படத்தைத் தொலைபேசியிலேயே விட்டுவிடாதீர்கள். தொலைபேசி தண்ணீரில் விழும், களவுபோகும், பழுதாகும். வருடத்தில் பத்துப் படங்களையாவது ஸ்டூடியோவில் கொடுத்துக் கடதாசியில் எடுங்கள். பின்பக்கத்தில் இடம், திகதி, கூடவந்தவர்கள் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். ஒரு பிரதியைக் கடலுக்கு எட்டாத ஊரிலுள்ள ராத்தா வீட்டிலோ சாச்சி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். எல்லோரையும் படம் பிடிக்கும் உம்மா எந்தப் படத்திலும் இல்லாமல் போகிறார். ஒரு படத்திலாவது அவரும் இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.