கோவிடுக்குக் கிடைத்த அவசரம் வயல் காய்ச்சலுக்கும் வேண்டும்

செஞ்சி அருகே தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த குடைவரைக் கோயிலைச் சுற்றிலும் பாறை, புதர், வயல். மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் இப்படிப்பட்ட ஊர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் நீடித்தால் மருத்துவர் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று ஸ்க்ரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடித்து வருவது. கடிவாயில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருத்த புண் இருந்தால் பிடித்துவிடலாம். அது அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும்; பலருக்கு வருவதே இல்லை. பிறகு டெங்குவா, டைபாய்டா, இதுவா என்ற குழப்பம்தான். மருந்தோ விலை மலிந்த டாக்சிசைக்ளின். நாள் தவறினால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகி உயிரே போய்விடும்.

உறுதிசெய்யும் எலைசா சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டும். போதிய மாதிரிகள் சேரும்வரை அங்கே காத்திருப்பதும் உண்டு. அதனால்தான் முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். சரியான அறிவுரை. ஆனால், சந்தேகமே எழாத நோயாளியை அது காப்பாற்றாது.

அந்த இடைவெளியைத் தங்கத்தால் அடைக்க முடியும். கோவிட் காலத்தில் நாம் பார்த்த ஆன்டிஜென் அட்டைகள் பலவற்றில் சிவந்த கோடு தங்கத்தின் நிறமே. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே தங்கத்தை நுண்துகளாக்கிச் செந்நிறக் கரைசல் செய்து காட்டினார். சில பத்து நானோமீட்டர் அளவுத் துகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்கின்றன. 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளி விழுங்கப்படுகிறது, மிஞ்சுவது சிவப்பு. துகள்கள் நெருங்கித் திரண்டால் நீலம். துகளின் மேல் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) பூசிவிட்டால் கிருமியின் புரதம் வந்து ஒட்டுவதை நிறமே சொல்லிவிடும்.

கண்ணால் பார்க்கும் கோட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கிருமி குறைவாக இருக்கும் முதல் நாள்களில் கோடு தெரியாது. நோயாளியின் உடலில் எதிர்ப்புரதம் உருவாகும்வரை காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும். இங்கேதான் ஒளி உணர்கருவி உதவும். சென்னை ஐஐடியும் வேலூர் விஐடியும் சேர்ந்து 2020-ல் முன்வைத்த பி-ஃபேப் என்ற வழி நல்ல எடுத்துக்காட்டு. 'யு' வடிவில் வளைத்த ஒளியிழை, ஓர் எல்இடி, ஓர் ஒளிமானி. வளைவில் தங்கத் துகள் ஒட்ட ஒட்ட, கடந்துவரும் ஒளி குறையும். உமிழ்நீரில் கோவிட் புரதத்தை அளக்கவே அதைத் திட்டமிட்டார்கள். எதிர்ப்புரதத்தை மாற்றினால், கொள்கையளவில், வேறு கிருமிக்கும் பொருந்தும்.

அப்படியிருந்தும் இதுபோன்ற கருவி நம் ஆரம்ப சுகாதார நிலைய மேசைக்கு ஏன் வரவில்லை? ஆய்வகத்தில் சுத்தமான கரைசலில் வேலை செய்வது வேறு. ரத்தத்தில் உள்ள ஆயிரம் புரதங்களுக்கு நடுவே, சித்திரை வெயிலில் அலமாரியில் கிடந்த பிறகும் வேலை செய்வது வேறு. அந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான் பணமும் பொறுமையும் தேவை. டெல்லி ஐஜிஐபி ஆய்வகம் கோவிடுக்காக உருவாக்கிய ஃபெலூடா காகிதப் பட்டைச் சோதனைக்கு, நோய்ப் பரவல் தொடங்கிய அதே 2020-ன் செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஊரே அஞ்சிய நோய்க்குக் கிடைத்த வேகம் இது. களை பறிப்பவரையும் ஆடு மேய்ப்பவரையும் பிடிக்கும் நோய்க்கு அது கிடைக்காமலிருப்பது அநியாயம்.

பொது சுகாதாரத் துறை செய்யக்கூடியது ஒன்று உண்டு. செஞ்சி வட்டார நிலையங்களுக்கு வரும் காய்ச்சல் நோயாளிகளின் மாதிரிகளை, அவர்கள் சம்மதத்தோடு, இத்தகைய கருவிகளை உருவாக்கும் ஆய்வகங்களுக்குத் திறந்துவிட வேண்டும்; எலைசா, பிசிஆர் முடிவுகளோடு ஒப்பிட்டுத் தேறும் கருவியை அரசே வாங்கும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கவும் வேண்டும். வாங்க ஆள் இருப்பது தெரிந்தால்தான் எந்த நிறுவனமும் உற்பத்தியில் முதல் போடும்.