கலோரி கணக்கும் கரையாத எடையும்

இரவு உணவு முடிந்ததும் கைப்பேசியைத் திறந்து, காலையில் உண்ட இட்லி முதல் இரவில் அருந்திய பால் வரை ஒவ்வொன்றாகப் பதிவு செய்வோர் இன்று பலர். அவர்கள் பயன்படுத்தும் செயலிகளுள் உலகளவில் அறியப்பட்ட ஒன்றான 'மைஃபிட்னஸ்பால்', அன்றைய பதிவை முடித்தவுடன் ஒரு கணிப்பைச் சொல்லும் வழக்கமுடையது. எல்லா நாளும் இன்றுபோலவே அமைந்தால், ஐந்து வாரங்களில் உங்கள் எடை இவ்வளவு ஆகிவிடும் என்பதே அது.

ஐந்து வாரங்கள் கழித்து எடைக் கருவியில் ஏறி நிற்பவர் வேறோர் எண்ணைக் கண்டால், கணக்கில் பிழை என்று பெரும்பாலும் நினைப்பதில்லை. தன்னிடம் மனஉறுதி போதவில்லை என்றே நொந்துகொள்கிறார். இந்தப் பழி அவருக்கு உரியதுதானா?

தமிழ்நாட்டுக்கு இது அன்னியமான கேள்வி அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். எடையைக் குறைக்க வேண்டிய தேவை லட்சக்கணக்கானோருக்கு உண்மையாகவே இருக்கிறது.

செயலியின் கணிப்பு மூன்று எண்களால் ஆனது: உண்ட கலோரி, செலவழித்த கலோரி, ஒரு கிலோ எடை குறைய எத்தனை கலோரி குறைய வேண்டும் என்ற சூத்திரம். மூன்றிலுமே பிழைக்கு இடமுண்டு.

முதலில் உண்பது. அமெரிக்க விதிகளின்படி, உணவுப் பொட்டலத்தில் அச்சிட்ட கலோரியைவிட உண்மை அளவு 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் அது ஏற்கத்தக்கதே. செரிமானமும் கணக்கை மாற்றும். ஒரு கைப்பிடி பாதாமில் 170 கலோரி என்பது வழக்கமான மதிப்பு. உடல் உண்மையில் பெறுவது 129 கலோரியே என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் கண்டனர். நம் சமையலிலோ சிக்கல் இன்னும் அதிகம். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. ஆனால், அரிசிக்கும் பருப்புக்கும் அட்டவணை தரலாம். ஒவ்வொரு வீட்டிலும் வேறுபடும் சாம்பாருக்கு எப்படித் தருவது? ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 45 கலோரி. தாளிப்பிலும் பொரியலிலும் இரண்டு கரண்டி கணக்கில் வராமல் போனாலே 90 கலோரி மறைந்துவிடும்.

மனித நினைவும் நம்பத்தக்கதல்ல. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட 10 பேரை நியூயார்க் ஆய்வாளர்கள் துல்லியமாக அளந்து, 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தனர். உணவைக் கண்ணளவாலேயே மதிப்பிடும் யாருக்கும் இத்தகைய பிழை நேரக்கூடும்.

அடுத்தது செலவு. உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு ஓய்வுநிலைச் செலவைக் கணிக்கப் பல செயலிகள் 1990-இல் அமெரிக்காவில் உருவான ஒரு சமன்பாட்டைப் பயன்படுத்துகின்றன. நல்ல சமன்பாடுதான், எனினும் தனியொருவருக்கு 10 சதவீதம் தவறுவது அதற்கு இயல்பு. 1,500 கலோரி செலவழிப்பவருக்கு அது 150 கலோரி. மணிக்கட்டுக் கருவிகளின் நிலை இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி செலவைக் கணிப்பதில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. கடைசி நிலையில் இருந்ததன் பிழை 93 சதவீதம்.

மூன்றாவது, சூத்திரம். ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி, அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற கணக்கை 1958-இல் முன்வைத்தவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர். அதன்படி, தினம் 250 கலோரி குறைத்தால் ஓராண்டில் ஏறத்தாழ 12 கிலோ குறைய வேண்டும். மூன்று ஆண்டுகளில் 35 கிலோவுக்கும் மேல். இப்படியே நீட்டினால் ஆள் ஒரு நாள் காணாமலே போய்விடுவார்!

எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது என்பதை இச்சூத்திரம் மறந்துவிடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2011-இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கு அதைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி, அதே 250 கலோரி குறைப்பு ஓராண்டில் தருவது சுமார் 5 கிலோ. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 10 கிலோ. அதன்பின் எடை நிலைபெறும். தொடக்க வாரங்களிலோ உடலில் சேமித்த மாவுச்சத்தும் அதனோடு நீரும் வெளியேறுவதால், கணிப்பைவிட வேகமாகவே எடை இறங்கலாம். செயலி மீது நம்பிக்கை வேரூன்றுவது அப்போதுதான். எடை தேங்கி, அந்த நம்பிக்கை தன்மீதான வெறுப்பாக மாறுவது அதன் பிறகு.

அப்படியானால் செயலியை அழித்துவிடலாமா? வேண்டாம். அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் குறிப்பை நாள்தோறும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைந்தனர். அவர்கள் எழுதியது தாளில்தான். அதேவேளையில், 2014-இல் 212 நோயாளிகளிடம் மைஃபிட்னஸ்பாலைச் சோதித்தபோது, ஆறு மாத முடிவில் அதைப் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் மாதத்துக்குப் பின் பயன்பாடே சரிந்துவிட்டது. செயலியின் பயன் கவனத்தைத் தூண்டுவதில்தான் இருக்கிறது. ஐந்து வாரத்துக்குப் பின் வரும் எண்ணைக் கண்டுசொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

எனவே, செயலியின் கணக்கைக்கொண்டு உடலைத் திருத்துவதைவிட, உடலைக்கொண்டு செயலியின் கணக்கைத் திருத்துவதே சரி. ஒரே நேரத்தில், ஒரே கருவியில் எடை பார்த்து வாரச் சராசரியைக் குறித்துவர வேண்டும். நான்கைந்து வாரங்களில் அது இறங்கவில்லை என்றால், செயலி சொல்லும் தேவையளவு நமக்கு அதிகம் என்றோ, பதிவில் ஏதோ விடுபடுகிறது என்றோ கொள்ளலாம். உடற்பயிற்சியில் எரித்ததாகக் கருவி காட்டும் கலோரியை நம்பி, அதற்கு ஈடாகக் கூடுதலாக உண்பதைத் தவிர்க்க வேண்டும். உணவுண்ணல் கோளாறு உடையோருக்கும் அதன் அறிகுறி தென்படுவோருக்கும் மருத்துவர் துணையின்றி இச்செயலிகள் கூடவே கூடாது.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. நாளை மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்று சதவீதத்தில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது வானிலைத் துறை. எடைக்கணிப்பையும் ஒற்றை எண்ணாகத் தராமல், இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று காட்டுவது கடினமான காரியமல்ல. அவ்வாறு காட்டியிருந்தால், ஐந்து வாரம் ஒழுங்காக உண்டு இரண்டு கிலோ குறைந்தவர், மூன்று குறையவில்லையே என்று முயற்சியைக் கைவிட்டிருக்க மாட்டார்.