அடிக்கும் முன் சுற்றிலும் பாருங்கள்!

"டீ" என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? டீக்கடை நினைவு வரும். கண்ணாடி டம்ளர் நினைவு வரும்.

கோல்ப் ஆட்டக்காரர்களுக்கு அப்படி அல்ல. பந்தை முதல் முதலாக அடிக்கிற இடத்துக்கு அவர்கள் "டீ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நடந்துகொள்ளும் முறை என்று ஒன்று உண்டு. அதை மடவார் வளாகத்துப் பிள்ளைகளும், ராஜபாளையத்துப் பிள்ளைகளும், ஏன், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

"எங்கள் பையன் கோல்ப் ஆடப் போகிறானா என்ன?" என்று கேட்காதீர்கள்.

அவன் கிரிக்கெட் ஆடுகிறான். அவன் கையில் மட்டை இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறது. அது போதும்!

அது என்ன ஆட்டம்?

கோல்ப், ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டம். பரந்த புல்வெளியில் ஆங்காங்கே சிறு குழிகள் இருக்கும். சிறிய பந்தை நீண்ட மட்டையால் அடித்து, அடித்து, குழியில் போட வேண்டும். முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். குறைந்த அடியில் முடிப்பவர் வெற்றி பெறுவார்.

1744-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லீத் என்ற ஊரில் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகள் எழுதினார்கள். நம் நாட்டில் 1829-ல் கல்கத்தாவில் கோல்ப் சங்கம் தொடங்கியது. கொடைக்கானல் மலையில் 1895-ல் தொடங்கியது.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு டீ உண்டு. அங்கே ஆணி போன்ற ஒரு சிறு குச்சியைத் தரையில் குத்துவார்கள். அதன் தலையில் பந்தை வைத்து அடிப்பார்கள். அந்தக் குச்சிக்கும் டீ என்றுதான் பெயர்!

பந்தின் எடை சுமார் 46 கிராம். கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் கைதேர்ந்தவர் ஓங்கி அடித்தால், மணிக்கு 250 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது கிளம்பும்.

தலையில் பட்டால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை.

டீயில் நிற்கும் முறை

முதலாவது, முன்னே போனவர்கள் பந்து எட்டாத தூரம் போகும் வரை காத்திருக்க வேண்டும். "மெல்லப் போகிறார்களே!" என்று கோபித்துக்கொண்டு அடித்துவிடக்கூடாது.

இரண்டாவது, ஒருவர் மட்டையை ஓங்கும்போது மற்றவர்கள் மட்டை எட்டாத இடத்தில் நிற்க வேண்டும். அவருக்கு நேர் பின்னாலும் நிற்கக்கூடாது. தங்கள் நிழல் அவருடைய பந்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பேசக்கூடாது. அசையக்கூடாது. இந்தக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசி ஒலிக்கக்கூடாது!

நான்காவது, யார் முதலில் அடிப்பது என்பதற்கு முறை உண்டு. இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில், முந்திய குழியில் வென்றவருக்கே முதல் அடி. ஒருவர் முறை தவறி அடித்தால், அந்த அடி செல்லாது என்று எதிராளி சொல்லலாம். மொத்த அடிகளைக் கணக்கிடும் ஆட்டத்தில், நேரம் வீணாகாமல் இருக்க, தயாராக இருப்பவர் முந்திக்கொள்ளலாம். அதிலும் யாருக்கும் ஆபத்து இருக்கக்கூடாது.

ஐந்தாவது, பந்து தவறிப்போய் ஆள் இருக்கும் பக்கம் பறந்தால், உடனே "போர்!" என்று உரக்கக் கத்த வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் காதில் விழுந்தால் நான்கு ரன் என்று கைதட்டுவார்கள்! கோல்பில் அதற்கு, "தலையைக் காப்பாற்றிக்கொள்!" என்று பொருள். கத்துவதற்கு வெட்கப்படக்கூடாது.

ஆறாவது, அடுத்தவர் பந்து எங்கே விழுகிறது என்று நாமும் பார்த்து வைக்க வேண்டும். காணாமல் போனால் கூடவே தேட வேண்டும். தேடுவதற்கு 3 நிமிடம்தான் அனுமதி. பந்து கிடைத்தால் எதிராளிக்கு லாபம். ஆனாலும் தேடித் தருகிறார்கள்!

2019-ம் ஆண்டில் கோல்ப் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். நேர்மையாக ஆட வேண்டும், பிறரை மதிக்க வேண்டும், மைதானத்தைப் பேண வேண்டும் என்பதை முதல் விதியிலேயே வைத்தார்கள். மிக மோசமாக நடந்துகொண்டால், ஆட்டத்தில் இருந்தே வெளியேற்றலாம்.

நமக்குப் புதிதா?

காத்திருக்கும் பண்பு நமக்கு வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டுமா? இல்லவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாதசுவாமி கோவில் இருக்கிறது. திருமலை நாயக்க மன்னர் மதுரையில் இருந்தபோது, இந்தக் கோவிலில் உச்சிக்கால பூஜை முடிந்த பிறகுதான் சாப்பிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். பூஜை முடிந்ததும் முரசு ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் முரசு ஒலிக்கும். அப்படியே மண்டபத்துக்கு மண்டபம் ஓசை தாவி, சுமார் 75 கிலோ மீட்டர் கடந்து மதுரைக்குப் போய்ச் சேரும். அதன் பிறகே மன்னருக்கு இலை போடுவார்களாம்!

பசித்த மன்னர், தன் முறை வரும் வரை காத்திருந்தார். கதையின் கருத்து அதுதான். கோல்ப் டீயில் காத்திருப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் ஓடுகிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "விலகு! விலகு!" என்ற குரலுக்கு எல்லோரும் கட்டுப்படுகிறோம். தேருக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஏன் மறக்கிறோம்?

ஒரு மைதானம், பத்து ஆட்டம்

விடுமுறை நாளில் எந்தப் பொது மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். நீர் வற்றிய கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் ஐந்தாறு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்.

இந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவருக்குப் பின்னால், அடுத்த ஆட்டத்தின் விக்கெட் காப்பாளர் நிற்பார். இரண்டு பந்துகள் ஒரே நேரத்தில் வானத்தில் பறக்கும். நடுவில் தண்ணீர்க் குடத்தோடு ஓர் அம்மாள் போவார். ஓரமாக ஒரு பெரியவர் நடைப்பயிற்சி செய்வார்.

"பந்து வருது!" என்று கத்துவதற்கு ஆள் உண்டா? பல நேரம் இல்லை. பட்ட பிறகுதான், "பார்த்துப் போகக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். அடித்தவர் பார்க்க வேண்டுமா? அடிபட்டவர் பார்க்க வேண்டுமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. பெரிய பையன்கள் வந்தால் சின்னப் பையன்கள் ஒதுங்கிவிட வேண்டும். இவர்கள் முதலில் வந்தவர்கள் ஆயிற்றே என்ற நினைப்பே கிடையாது. பெண் பிள்ளைகள் வந்தால் கேலி. பிறகு அவர்கள் மைதானத்தின் பக்கமே வருவதில்லை. பொது மைதானம் என்று பெயர். பாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை!

பணக்காரர் ஆட்டமா?

"கோல்ப் பணக்காரர் ஆட்டம். ஏக்கர் கணக்கில் இடம் இருக்கிறது. அவர்கள் மரியாதை பார்ப்பார்கள். நமக்குக் கட்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

இடம் நிறைய இருப்பவரே பிறரைப் பார்த்து அடிக்கிறார். இடம் குறைவாக இருக்கும் நாம் இன்னும் அதிகமாக அல்லவா பார்க்க வேண்டும்? அந்த மரியாதைக்குக் காசு செலவு இல்லையே!

கோல்ப் சங்கங்கள் எல்லாவற்றிலும் உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் பல சங்கங்கள் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. உள்ளே இருப்பவருக்கு மரியாதை, வெளியே நிற்பவருக்குக் கதவடைப்பு! அது போலி மரியாதை. அதை நாம் கற்க வேண்டாம்.

ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்குக் "கேடி" என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு! ஆனால் அவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள். டெல்லியில் அப்படிப் பை தூக்கிய அலி ஷேர் என்பவர், 1991-ல் இந்தியன் ஓப்பன் போட்டியில் வென்றார். பை தூக்குகிறவர் நாளைய வீரர். ஆகவே உடன் ஆடுபவருக்குக் காட்டும் மரியாதையை, உடன் நடப்பவருக்கும் காட்ட வேண்டும்.

தோற்றால் என்ன?

"மரியாதை பார்த்தால் தோற்றுவிடுவோமே!" என்பது இன்னொரு கேள்வி.

1980-ல் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரு டெஸ்ட் ஆடின. இங்கிலாந்து வீரர் பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் கை தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று நம் அணியின் தலைவர் ஜி. ஆர். விஸ்வநாத் கருதினார். டெய்லரைத் திரும்ப அழைத்து ஆடச் சொன்னார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா தோற்றது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தோல்விக்காக விஸ்வநாத்தை யாரும் ஏசுவதில்லை. அந்தப் பெருந்தன்மைக்காக இன்றும் புகழ்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! பிள்ளைக்கு மட்டை வாங்கிக் கொடுக்கும்போதே இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுங்கள்.

மட்டையை ஓங்கும் முன் சுற்றிலும் பார்.

பந்து ஆள் மேல் போனால், வெட்கப்படாமல் உரக்கக் கத்து.

முதலில் வந்தவன் சின்னவனானாலும் அவன் ஆட்டம் முடியட்டும்.

அடுத்தவன் பந்து உன் பக்கம் வந்தால், எடுத்துக் கொடு. தூக்கி எறிந்து அலையவிடாதே.

யார் மேலாவது பட்டுவிட்டால், ஓடி ஒளியாதே. ஓடிப்போய்த் தூக்கு.

மைதானத்தில் இதைக் கற்றவன், பஸ்ஸில் ஏறும்போது தள்ளமாட்டான். ரேஷன் கடை வரிசையில் நடுவில் புகமாட்டான். மோட்டார் சைக்கிளைத் திருப்பும் முன் பின்னால் பார்ப்பான்.

எல்லோரும் சாம்பியன் ஆக முடியாது. பக்கத்தில் நிற்பவர் பயமின்றி நிற்கும்படி நடந்துகொள்வது எல்லோராலும் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாமே!