வாடகைக்கு விடப்பட்ட பெயர்

ஓர் அணியின் வெற்றியை ஓர் ஊரின் வெற்றியாகக் கொள்வதற்குப் பெயரொற்றுமை மாத்திரம் போதுமா? லங்கா பிரிமியர் லீக் எனப்படும் தொழின்முறைத் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி 2020 இல் தொடங்கிய நாள் முதலாக யாழ்ப்பாணத்து இரசிகன் இவ்வினாவைத் தவிர்த்தே வந்துள்ளான். வெற்றிக் களிப்பில் கேள்விகள் கசப்பது இயல்பே. ஆயின், களிப்பு ஓய்ந்தபின்னும் கேளாதிருத்தல் அறிவுடைமையாகாது.

நிகழ்ந்தவற்றை முதலில் நோக்குவோம். 2020 தொடக்கம் 2024 வரை நடைபெற்ற ஐந்து தொடர்களுள் நான்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியே கிண்ணத்தை வென்றது. முதலாண்டில் அவ்வணி ‘ஸ்டாலியன்ஸ்’ எனப்பட்டது. 2021 இல் உரிமை கைமாறியதும் ‘கிங்ஸ்’ ஆயிற்று. 2025 இல் அவ்வுரிமையாளருடனான ஒப்பந்தமும் முடிவுறுத்தப்பட்டது. தொடரில் மிகுதியான வெற்றிகளை ஈட்டிய அணியின் தலைவிதி ஓர் அறிவித்தலோடு தீர்மானிக்கப்பட்டது. அத்தீர்மானத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்பட வேண்டிய நியதி இருக்கவில்லை. அந்த அணியில் யாழ்ப்பாணத்தவர்க்கு உறுப்புரிமை இல்லை; வாக்குரிமை இல்லை; இருந்தது கைதட்டும் உரிமை ஒன்றே.

இது யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரிய அவலமன்று. தம்புள்ளை அணி அதே காலப்பகுதியில் வைக்கிங், ஜயன்ற்ஸ், ஓரா, சிக்ஸர்ஸ் என நான்கு பெயர்களில் ஆடியது. கடையை வாங்கியவர் பெயர்ப்பலகையை மாற்றுவது போன்றே இங்கு அணிகளின் பெயர்கள் மாற்றப்படுகின்றன. ஊர்ப்பெயர் மட்டும் மாறாதிருப்பதற்குக் காரணம் ஊர்மீது கொண்ட பற்றன்று. இரசிகனை இழுத்துவரும் தூண்டில் அதுவே என்பதுதான்.

இன்னுமொன்று மனங்கொளத்தக்கது. அவ்வைந்து தொடர்களில் ஓர் ஆட்டமேனும் குடாநாட்டில் நடைபெறவில்லை. 2020 இல் பெருந்தொற்றின் காரணமாக எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில் நடந்தன. பின்னைய ஆண்டுகளில் கொழும்பு, கண்டி, தம்புள்ளை என ஆடுகளங்கள் மாறின. வடக்கே மாத்திரம் அவை வரவில்லை. தகுதியான மைதானம் இல்லை என்பது விடையாகக் கூறப்படலாம். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணிகள் 2025 செப்டெம்பரிலேயே தொடக்கி வைக்கப்பட்டன. ஆயின், பார்வையாளர் இல்லை என எவரும் கூறவியலாது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904 இல் ஆரம்பித்தது. ஒரு பள்ளி ஆட்டத்துக்கு மைதானத்தை நிறைக்கும் மக்கள், தம் பெயரைத் தாங்கிய தொழின்முறை அணியைத் தொலைக்காட்சியிலே காணவேண்டியிருந்தது.

இவ்வாறு எழுதுவது குறுகிய பிரதேசவாதம் எனச் சிலர் சாடக்கூடும். அச்சாட்டு பொருந்தாது. திசர பெரேராவின் தலைமையிற் கிண்ணங்கள் வெல்லப்பட்டபோது குடாநாட்டுத் தமிழ் இளைஞர் அவரைத் தம்மவராகவே கொண்டாடினர். 2024 இறுதியாட்டத்திற் சதமடித்த ரைலி ரூசோ தென்னாபிரிக்கர் என்பதால் எவரும் மகிழ்ச்சியைக் குறைத்துக் கொள்ளவில்லை. போரின் வடுக்களைச் சுமக்கும் ஒரு நாட்டில் இது போற்றத்தக்க பண்பு. ஆடுபவன் எவ்வூரான் என்பதன்று இங்கு வினா. ஆட்டம் முடிந்தபின் ஊரில் எஞ்சுவது யாது என்பதே வினா.

வியாஸ்காந்த் எஞ்சவில்லையா என மறுப்பாளர் கேட்பர். நியாயமான கேள்வி. மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் இத்தொடரில் அறிமுகமாகி, அஞ்சலோ மத்யூஸின் விக்கெற்றைத் தமது முதலாவது விக்கெற்றாக வீழ்த்தினார். 2024 இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசினார். தொழின்முறை அணி அவருக்கு வாயிலைத் திறந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும், அவ்வாயில் வரை அவரைக் கொண்டுவந்தது பள்ளி மைதானமே. ஒருவர் நுழைந்த வாயிலைப் பலர் ஏறும் படிக்கட்டாக்குவதற்குத் தொடர்ச்சி வேண்டும். ஓராண்டில் ஓர் உரிமையாளர், மறு ஆண்டில் மற்றொருவர் என்றிருக்கும் அமைப்பில் வாக்குறுதி கொடுத்தவரும் மாறுவர். வாக்குறுதியைக் கேட்டவர் மாத்திரம் மாறார்.

உலகெங்கும் விளையாட்டு வணிகமே, வேறு வழி ஏது என்பது இறுதி வாதம். இது பாதி உண்மை. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கூடைப்பந்தாட்ட அணி 41 பருவங்கள் அங்கு ஆடியபின் 2008 இல் உரிமையாளரால் ஒக்லஹோமா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. எனினும், ‘சூப்பர்சொனிக்ஸ்’ என்ற பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கென விடப்பட்டன. நகரம் வழக்காடியதால் விளைந்த பயன் அது. மறுபுறம், ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களே வாழும் கிறீன் பே என்னுஞ் சிறு நகரின் ‘பாக்கர்ஸ்’ அமெரிக்கக் காற்பந்தாட்ட அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குடைமையாக உள்ளது. அப்பங்குகளுக்கு இலாபப் பங்கீடு இல்லை. அணியை எவரும் ஊரைவிட்டுத் தூக்கிச் செல்லவும் இயலாது. ஆகவே, வேறு வழி உண்டு.

அவ்வழி யாழ்ப்பாணத்துக்கு அந்நியமானதுமன்று. ஊர்தோறும் சனசமூக நிலையமும் அதனோடிணைந்த விளையாட்டுக் கழகமும் கண்ட சமூகம் இது. அங்கத்தவர் சந்தா செலுத்துவர், பொதுக்கூட்டத்திற் கணக்குக் கேட்பர், நிருவாகிகளைத் தெரிவுசெய்வர். கடல் கடந்த பழைய மாணவர் சங்கங்கள் தத்தம் கல்லூரி மைதானங்களுக்குப் பணம் அனுப்பி வருகின்றன. இவ்வளவு அனுபவமுடைய மக்கள், தம் பெயரைத் தாங்கும் அணி விடயத்தில் மட்டும் வெறும் நுகர்வோராய் நிற்பது முரண்பாடாகும்.

எனவே, யாழ்ப்பாணம் என்ற பெயரை எவர் பயன்படுத்த முன்வரினும் மூன்று நிபந்தனைகள் முன்வைக்கப்படல் வேண்டும். பருவந்தோறும் சில ஆட்டங்களாயினும் குடாநாட்டில் நடைபெறல் வேண்டும். வருவாயில் வரையறுக்கப்பட்ட ஒரு பங்கு பள்ளிகளினதும் கழகங்களினதும் பயிற்சிக்குச் செல்லல் வேண்டும். கழகங்களின் கூட்டமைப்பொன்றுக்கு அணியின் உடைமையிற் பங்கும், பெயர்மாற்றத்தைத் தடுக்கும் உரிமையும் இருத்தல் வேண்டும். இவற்றை ஏற்காதவர் அணி நடத்தலாம்; இவ்வூரின் பெயரால் நடத்தலாகாது.

மண்டைதீவில் மைதானம் எழுமாயின், புதிய உரிமையாளர் தேடி வருவர். அதற்கு முன்னரே இந்நிபந்தனைகளை எழுத்தில் வகுத்து, கழகங்கள்தோறும் விவாதித்து, ஒருமித்த குரலாக்குவது பல்கலைக்கழகத்து விளையாட்டுத்துறையினதும் சட்டம், வணிகம் பயிலும் மாணவரதும் கடன். விலை பேசப்பட்ட பின்னர் எழுப்பும் குரல் ஏலக்கடையில் எடுபடாது.